ஆடி மாத மண்டபத்தில் நான் பார்க்காத படம்

அரவிந்தா,

நேற்று பெருங்களத்தூரில் மதுரை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அது வராமலேயே இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எல்லார் படத்தையும் பார்த்தியேம்மா, என் படத்தை மட்டும் ஏன் பார்க்கல?" என்றாய். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது நமக்குப் பழக்கம். நீ மெதுவாகக் கேட்டாய். நவீன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற லாரிகளை எண்ணுகிறவன் மாதிரி நின்றான். உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் திரைப்பட விழா முடிந்து கொண்டுவரப்போகிற மலருக்குப் பெற்றோர் யாராவது எழுத வேண்டும் என்று அதைத் தொகுக்கிற மேகலா என்னைக் கேட்டிருந்தாள். அதில் இதையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீ வாய்விட்டுக் கேட்டாய், விழாவுக்கு வந்த மற்றவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் இது உன் போனுக்கு வந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் மேகலாவிடம் சொல்லி நிறுத்திவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.

நகரத்தில் நீங்கள் பேசி வைத்திருந்த அரங்கம் கடைசி நேரத்தில் கைவிரித்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்ன மாதிரிப் படங்கள் என்று தெரிந்ததும் அவர்களுக்குத் திடீரென்று மராமத்து வேலை வந்துவிட்டது. அன்று நம் மேடவாக்கம் வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தாயே, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. யார் யாரோ எங்கெங்கிருந்தோ படம் அனுப்பியிருக்கிறார்கள், சிலர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டார்கள், எல்லோரிடமும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றாய். எனக்குச் சினிமா தெரியாது. ஆனால் ஆடி மாதத்தில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கல்யாண மண்டபங்கள் எல்லாம் காலியாகக் கிடக்கும் என்பது தெரியும். பெருங்களத்தூர் மண்டபத்து மேனேஜர் ஏகாம்பரத்துக்கு உடனே போன் போட்டேன். நம் குடியிருப்பில் யார் வீட்டு விசேஷமானாலும் அவரிடம் பேசி முடித்துக் கொடுக்கிறவள் நான்தானே.

"ஆடில இன்னா ஃபங்ஷன் மேடம்?" என்றார். என் பையனும் அவன் நண்பர்களும் எடுத்த படங்களை இரண்டு நாள் போட்டுக் காட்ட வேண்டும் என்றேன். "மண்டபம் சும்மா பூட்டிக்கினுதான் கீது, எட்த்துக்கோங்க" என்றார். எனக்கு மூடி மறைத்து வாங்கப் பிடிக்கவில்லை. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எடுத்த படங்கள் என்று சொன்னேன். நீங்கள் குயர் என்கிறீர்கள், அழைப்பிதழில் பால்புதுமையினர் என்று அச்சடித்திருந்தீர்கள். நான் இரண்டையும் சொல்லி விளக்கமும் சொன்னேன். ஏகாம்பரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "மேடம், கல்யாணத்துல ரெண்டு சைடும் அட்ச்சிக்கினு போலீஸ் வந்து பாத்துக்கீறேன். குந்திக்கினு படம் பாக்கறவன் இன்னா மேடம் பண்ணப் போறான்?" என்றார். அந்த மனிதருக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். "மத்த ஏற்பாடெல்லாம் மேடம்?" என்று கேட்டார். உன் முகம் தெளிந்த சந்தோஷத்தில் நான், "வழக்கமா செய்யறதைச் செய்யுங்க ஏகாம்பரம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தையால் வந்த வினைதான் எல்லாம். மண்டபக்காரருக்கு வழக்கம் என்றால் ஒரே வழக்கம்தான். சனிக்கிழமை காலையில் போய் இறங்கினால் வாசலில் குலையோடு இரண்டு வாழைமரம், நிலைக்கு மாவிலைத் தோரணம், நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை போட்டு ரோஸ் ரிப்பன். உள்ளே நுழைந்ததும் வரவேற்பு மேசை, அதன்மேல் சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு. மேடையில் திரை கட்டியிருந்தார்கள், அதற்கும் இரண்டு பக்கமும் பூச்சரம் தொங்கியது. இதெல்லாம்கூடப் போகட்டும். யார் பேரில் பதிவு செய்வது என்று அவர் கேட்டபோது பொறுப்பாளர்கள் என்று உங்கள் இருவர் பேரையும் கொடுத்திருந்தேன். அதை அப்படியே வாசல் பலகையில் தெர்மாகோல் எழுத்தில் வெட்டி, அரவிந்த் – நவீன் என்று ஒட்டி, கீழே நல்வரவு என்றும் போட்டுவிட்டார்கள். ஏகாம்பரம் "எப்டி மேடம்?" என்று பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

நீ கோபப்பட்டதில் தப்பே இல்லை. "வர்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டுல சொல்லாம வர்றாங்கம்மா. ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பார்க்கற மாதிரி பண்ணிட்டியே" என்றாய். அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கெல்லாம் ஒரு விசேஷம் என்றால் ஊர் பார்க்க வேண்டும், ஊர் பார்க்கக் கூடாத விசேஷத்தை நடத்திப் பழக்கமில்லை. நீ நாற்காலி மேல் ஏறி எழுத்துகளைப் பிய்த்து எடுத்தாய். நவீன் கீழே நின்று சிரித்துக்கொண்டே, "என் பேரை உடைச்சிடாதடா, முழுசா வேணும்" என்று ஒவ்வொன்றாக வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தும் பக்கத்திலேயே நின்று சிரிக்கிற ஒருவன் உனக்குக் கிடைத்திருக்கிறான். அவனை விட்டுவிடாதே. இதைத்தான் நான் உனக்கு அறிவுரையாகச் சொல்ல முடியும், மற்றதெல்லாம் நீ என்னைவிட நன்றாகச் செய்கிறாய்.

அடுத்து வாழைமரத்தையும் அவிழ்க்கச் சொன்னாய். அதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கும் பாலா. இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி சட்டையோடு நேராக வந்திருந்தார். வரவேற்பு மேசையில் ஆள் இல்லையே என்று நான் நின்றிருந்தேன், பழக்கதோஷத்தில் பன்னீரைத் தெளித்துவிட்டேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். பேயறைந்த மாதிரி இருந்தது முகம். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இல்ல ஆன்ட்டி. என் தங்கச்சி கல்யாணத்துக்கு என்னை வராதேன்னுட்டாங்க. மண்டபத்து எதிர்ல டீக்கடையில நின்னு பார்த்துட்டுப் போயிட்டேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை தெளிப்பீங்களா?" என்று கேட்டார். மறுபடியும் தெளித்தேன். நீ அப்போது நாற்காலி மேல்தான் இருந்தாய், எல்லாம் உன் காதில் விழுந்தது. அதற்கு மேல் வாழைமரத்தைப் பற்றி நீ பேசவில்லை. அன்று வந்த அத்தனை பேருக்கும் நான் பன்னீர் தெளித்தேன். சிலர் கிண்டல் செய்தார்கள், ஒரு பெண் இதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை ஆன்ட்டி என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளும் கல்கண்டு எடுத்துக்கொண்டாள்.

இப்போது படங்களைப் பற்றிச் சொல்கிறேன். உன் அம்மா படம் பார்க்க வரவில்லை, விசேஷம் நடத்த வந்தாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பாதிதான் உண்மை. மேகலாவின் படம் முடிந்தபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன், நீ திரும்பிப் பார்த்தாய். அந்தப் பெண் கோவளம் பக்கத்து மீனவக் கிராமத்தில் பையனாக வளர்க்கப்பட்டவள். படத்தில் அவளும் அவள் அம்மாவும் மீன் சுத்தம் செய்கிறார்கள், அவ்வளவுதான். கேமராவைத் தரையிலே வைத்துவிட்டாள் போலிருக்கிறது, கைகளும் அரிவாள்மணையும் மீன்களும்தான் தெரிகின்றன. ஆரம்பத்தில் அம்மா பழைய பேரைச் சொல்லித் திட்டுகிறாள், நடுவில் பேரே சொல்லாமல் திட்டுகிறாள். கடைசியில், "இன்னாடி, கேமராவைப் பாத்துக்கினு கீற? அந்தக் கூடையைத் தூக்கு" என்கிறாள். மண்டபமே எழுந்து கத்தியது. நான் அழுதேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், உன் அப்பா எப்படியும் சொல்லியிருப்பார். ஒரு தாய் தன் பெண்ணைப் பெண் என்று ஏற்றுக்கொண்டதை ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் காட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மின்சார ரயில் படமும் அப்படித்தான். கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் எடுத்தது. தாம்பரத்தில் ஏறுகிற ஒருத்தி பக்கத்து இடத்தில் கைக்குட்டை போட்டு வைக்கிறாள். பல்லாவரத்தில் ஏறுகிறவள் வந்து உட்காருகிறாள். பேசுவதுகூட அதிகமில்லை, ஒருத்தி பூவைக் கிள்ளி இன்னொருத்தியிடம் கொடுக்கிறாள். ஒரு நாள் கைக்குட்டை கிடக்கிறது, ஆள் ஏறவில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க நான் அந்த லேடீஸ் கம்பார்ட்மெண்டில்தான் போய் வந்தேன். இடம் போட்டு வைக்கிறார்கள் என்று சண்டைக்குப் போயிருக்கிறேன், கைக்குட்டையை எடுத்துக் கீழேகூடப் போட்டிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். எங்கள் கண் முன்னால் இருந்ததை நாங்கள் பார்க்கவில்லை, அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் ஆட்கள் வேலை செய்கிற விதமும் எனக்கு ரொம்பப் பிடித்தது. போனில் எடுத்த படம், வாடகை அறையில் எதிரொலி வராமலிருக்கப் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசிப் பதிவு செய்த குரல். படம் முடிந்ததும் எடுத்தவர் முன்னால் வந்து நிற்க, மற்றவர்கள் தயவுதாட்சண்யம் இல்லாமல் கேள்வி கேட்கிறார்கள். பாலாவின் படத்தில் பின்னணி இசை அதிகம் என்று ஒருவர் சொன்னதும் அவர் போனில் குறித்துக்கொண்டார். எங்கள் குடியிருப்பு சங்கக் கூட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சுவார்த்தையே நின்றிருக்கும். தங்களைப் படம் பிடிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் சட்டையில் சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தீர்களே, அந்தப் பொட்டோடு வந்தவர்களும் கடைசிவரை இருந்து வாய்விட்டுச் சிரித்தார்கள். இவ்வளவு பயத்தைச் சுமந்துகொண்டு இவ்வளவு சந்தோஷமாக இருக்க எனக்குத் தெரியாது. உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை எப்போதும் உண்டு, இவர்களோடு ஒருவனாக உன்னைப் பார்த்ததில் இன்னும் அதிகமாயிற்று.

சரி, இனி தள்ளிப்போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முந்தின படம் உன்னுடையது. விளக்கை அணைத்ததும் நான் எழுந்து பந்திக் கூடத்துக்குப் போனேன். இலை போட்டாயிற்றா, ரசம் இறங்கிற்றா என்று பார்க்க வேண்டாமா என்றுதான் உன் அப்பாவிடம் சொன்னேன். விசேஷ வீட்டில் தாலி கட்டும் நேரத்தில்கூடச் சமையல்கட்டில் நின்று வடை எண்ணிக்கொண்டிருக்கிற பெண்களை நீயே பார்த்திருப்பாய், நான் அந்தக் கூட்டம்தான். எனக்குச் சாக்குக் கிடைப்பது சுலபம். ஆனால் அன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. ரசம் இறங்கி ஆறிக்கொண்டிருந்தது.

காலையில் உங்கள் நிகழ்ச்சிக் காகிதத்தில் உன் படத்தைப் பற்றி அச்சடித்திருந்ததைப் படித்திருந்தேன். ஒரு மகன் அம்மாவிடம் ஒன்றைச் சொல்கிறான், அந்த நேரத்தில் தண்ணீர் லாரி வருகிறது என்று இருந்தது. அது நம் வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ டிபன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "நவீன் என் ஃப்ரெண்டு மட்டும் இல்லம்மா" என்று ஆரம்பித்தாய், கீழே லாரி ரிவர்ஸில் வருகிற பாட்டுச் சத்தம் கேட்டது. தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது. "இருடா, தண்ணி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். லாரி காலியாகும்வரை சம்ப்புக்குள் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே வந்து, "நவீனுக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு பிடிக்குமா? அடுத்த வாரம் கூட்டிட்டு வா" என்றேன். அதை நான் நன்றாகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அழவில்லை, கத்தவில்லை, யாரிடமும் ஜாதகம் கொண்டு ஓடவில்லை. உன் நண்பர்களின் அம்மாக்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் நான் எவ்வளவோ மேல் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பந்திக் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. ஆனால் சத்தம் கேட்டது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒலிக்கிற அந்தப் பாட்டு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெண் படியிறங்கிப் போகிற செருப்புச் சத்தம். அதற்குப் பிறகு சிரிப்பில்லை, பேச்சில்லை, மோட்டார் ஓடுகிற சத்தமும் தண்ணீர் விழுகிற சத்தமும் மட்டும் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தன. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற சமையற்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கீழே நின்றிருந்த நேரம் முழுவதும் நீ மேலே இருந்திருக்கிறாய். என் பக்கத்துக் கதை மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் திரும்பி வருவதற்குள் உனக்கு என்ன ஆயிற்று என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கைதட்டல் கேட்டது, நிற்கவே இல்லை. "உங்க பையன் படமாம்மா? போய்ப் பாருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் சமையற்காரர். நான் போகவில்லை. பயம், அரவிந்தா. வேறொன்றும் இல்லை. நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த பரீட்சையில் என்ன மார்க் என்று பார்க்கிற பயம்.

சாப்பிட வந்த ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாலா இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். மேகலா பாயசம் கேட்கிற சாக்கில் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து உன் அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்த மனிதர், "நீ கீழே போனதுக்கு அப்புறம் நடந்தது" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப வற்புறுத்தினால், "நான் ஏன் சொல்லணும்? நீயே போய்ப் பாரு" என்கிறார். என் மேல் அவருக்கு இருக்கும் வருத்தத்தை அவர் சொன்ன விதம் அது.

நேற்று ராத்திரி நவீன் படத்தை என் போனுக்கு அனுப்பியிருக்கிறான். நான் திறக்கவில்லை. மறுபடியும் தப்பிக்கிறேன் என்று நினைக்காதே. போனில் பார்த்தால் நடுவில் குக்கர் சத்தம் போடும், காலிங் பெல் அடிக்கும், சங்கத்திலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். யாரும் கூப்பிடாவிட்டால் நானே எதையாவது அடுப்பில் வைத்துவிட்டு எழுந்து போவேன், என்னை எனக்குத் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை மதுரையில் படம் போடுகிறீர்கள் என்று மேகலா சொன்னாள். அப்பாவும் நானும் தாம்பரத்தில் ரயில் ஏறுகிறோம். நான் வருகிறேன் என்பதற்காக ஒரு காட்சியையும் வெட்டாதே. என்னை மோசமாகக் காட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும், நியாயமாகக் காட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்குக் கதவுப் பக்கம் இடம் போடாதே. வரிசைக்கு நட்டநடுவில் போடு. ஒரு பக்கம் அப்பா உட்காரட்டும், இன்னொரு பக்கம் நவீன். எழுந்து போக வேண்டுமென்றால் அத்தனை பேர் காலையும் தாண்டித்தான் போக வேண்டியிருக்க வேண்டும். அப்படியும் நான் எழுந்தால், கையைப் பிடித்து உட்கார வைக்கச் சொல்லி நவீனிடம் சொல்லி வை.

அம்மா